ஒரு பேர்ச் நீங்கலாக

கல்முனையில் கடற்கரைப் பள்ளிவாசலுக்குத் திரும்பும் முச்சந்தியில் ஒரு பலகை நிற்கிறது. முன்னர் அதில் மௌத்தாகி அடக்கம் செய்யப்படுபவர்களின் அறிவித்தல்களும் காணாமற்போன ஆடுகளின் அடையாளங்களும் ஒட்டப்பட்டன. மூன்று வருடங்களாக அங்கே காணி விலை எழுதப்படுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், கரையோரக் காணி விலை மேம்பாட்டு மன்றத்தின் ஆள் ஒருவர் ஏணியோடு வருவார். பழைய இலக்கத்தைத் துடைத்துவிட்டுப் புதிய இலக்கத்தை எழுதுவார். கீழே நிற்பவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள்.

மன்றத்தின் யாப்பில் விலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏறலாம், அல்லது அடுத்த மாதம் ஏறுவதற்காக நிற்கலாம். மூன்றாவது வழியைப் பற்றி யாப்பு எதுவும் சொல்லவில்லை.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவில் கிடக்கும் மணலில் மனிதர் பெருகினார்களே தவிர மணல் பெருகவில்லை. பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவான். ஆகவே விலை ஏறுவதில் ஒரு நியாயம் இருந்தது. மன்றம் அந்த நியாயத்தைத் தத்தெடுத்து, பால் கொடுத்து, வளர்த்துவிட்டது.

பலகையில் உள்ள விலைக்கு அந்த வட்டாரத்தில் எவரும் காணி வாங்கியதில்லை; விற்றதுமில்லை. ஆனாலும் எல்லாரும் பணக்காரர்களாகியிருந்தார்கள். பலகையின் முன்னால் நின்று தன் பத்துப் பேர்ச் காணியை மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, அந்தத் தொகையோடு வீட்டுக்குப் போய்ப் பருப்பும் சோறும் சாப்பிட்டார்கள்.

ஜவுபர் பெருக்கிப் பார்ப்பதில்லை. முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர் அவர். வீடுகளை அவர் வேறு விதமாக அறிவார். எந்தக் கேற்றில் நாய், எந்தக் கேற்றில் தண்ணீர் தருவார்கள், எந்த வீட்டில் கடிதத்தை வாசித்தும் காட்டவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பதிவுத் தபாலோ தந்தியோ, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உரியவருக்கு வாசித்துக் காட்டாமல் அவர் ஒருநாளும் கையெழுத்து வாங்கியதில்லை. மேலதிகாரிகள் இதனால் நேரம் வீணாவதாகக் குறிப்பெழுதினார்கள். அவர் அந்தக் குறிப்பையும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுத் தன் வழக்கத்தைத் தொடர்ந்தார்.

போன ஒக்டோபரில் அவருடைய மனைவி பஹ்மிதா மௌத்தானாள். அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. யாராவது ஏதாவது சொன்னால் ஓம் என்று தலையாட்டினார். சாப்பாட்டில் உப்புக் கூடியதும் குறைந்ததும் தெரியவில்லை. திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தார். அது சுன்னத்து, நபிவழி, நன்மை உண்டு. அந்த இரண்டு நாளும் பகலில் என்ன சமைப்பது என்று மகள் கேட்கமாட்டாள் என்பதும் ஒரு காரணம்தான். அல்லாஹ் அதையும் அறிவான்.

மகள் றுக்ஸானாவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை றிப்தி, மன்றத்தின் தலைவர் சியாம் ஹாஜியாரின் மகன். நல்ல பொடியன், மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணம் என்று நாள் குறித்தார்கள். வீடு பஹ்மிதாவுக்குச் சீதனமாக வந்த வீடு. இனி மகளுக்குப் போகிறது. எல்லாம் முறைப்படி. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது, மன்றத்தின் மதிப்புச் சான்றிதழ். முன்பெல்லாம் பெண் குர்ஆன் ஓதியிருக்கிறாளா, சமைப்பாளா என்று கேட்ட ஊரில் இப்போது சான்றிதழைக் கேட்டார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மணவறைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

சான்றிதழுக்காக வீடு பார்க்க நில அளவையாளர் கனகரெத்தினம் வந்தார். அரசாங்க வேலையில் ஓய்வுபெற்றவர், மன்றத்தின் மதிப்பீட்டாளர். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் அமர்ந்து முழுமையாக ஒத்துப்போன ஒரே விடயம் காணி விலைதான் என்று மன்றத்தின் ஆண்டறிக்கை பெருமைப்பட்டிருந்தது. அதில் பொய் இல்லை.

கனகரெத்தினம் நாடாவைப் பிடித்து அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். குசினியில் மீன் பொரித்தால் சுவருக்குக் குடியிருப்புத் தேய்மானம் ஏற்படுகிறது, கலியாணம் முடியும்வரை அவித்து உண்பது நல்லது என்றார். பிறகு படிவத்தைப் புரட்டி, தயங்கி, மௌத்து நிகழ்ந்த அறை ஏதும் உண்டா என்று கேட்டார். ஓர் அறைக்கு நூற்றுக்கு மூன்று வீதம் கழிவு.

ஜவுபர் கிழக்குப் பக்கத்து அறையைக் காட்டினார். அங்கே கட்டிலும் மடித்த தொழுகைப் பாயும் மட்டும் இருந்தன.

கனகரெத்தினம் மூன்று என்று எழுதினார். எழுதியபின் சிறிது நேரம் பேனையை மூடாமல் நின்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இந்தத் தேய்மானக் கணக்கில் வட்டாரத்துக்கே முன்மாதிரியாக விளங்கியவர் அப்ராஸ் என்பவர். ஜவுபரின் வீட்டுக்கு மேற்கே மாடிவீடு கட்டி ஐந்து வருடம். ஆள் இருந்தால் புதுவீடு என்ற மதிப்புப் போய்விடும் என்பதால் மனைவி மக்களோடு ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் குடும்பத்தோடு வந்து, எதிரே உள்ள மதகுக் கட்டில் அமர்ந்து, வீட்டைப் பார்த்தபடி சோற்றுப் பார்சல் சாப்பிட்டுவிட்டுப் போவார். மன்றம் அவருக்கு இரண்டு தடவை பொன்னாடை போர்த்தியது.

சுற்றுமதில் எழுப்பினால் பேர்ச்சுக்கு அரை இலட்சம் கூடும் என்று மன்றம் அறிவித்தபோது முதலில் மதில் கட்டியவரும் அப்ராஸ்தான். அவருடைய வளவு ஓரமாகத்தான் பின்வீட்டு றபீக்கா வீதிக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். அவர் கட்டினார், மற்றவர்களும் கட்டினார்கள். கட்டி முடித்துப் பார்த்தபோது, நான்கு மதில்களுக்கு நடுவே றபீக்காவின் வீடு கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி இருந்தது. அவளுடைய கணவர் இஸ்மாலெவ்வைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தப்படுத்தவேண்டும். அந்த இரண்டு நாளும் நான்கு பேர் சேர்ந்து, பிளாஸ்டிக் கதிரையோடு அவரைத் தூக்கி, மதிலுக்கு மேலால் ஜவுபரின் வளவுக்குள் இறக்குவார்கள்.

ஒருநாள் கதிரை சரிந்தது. விழவில்லை, சரிந்தது மட்டும்தான். பஹ்மிதா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மதிலுக்கு மேலால கறிக் கோப்பை போகலாம், மனிசன் போகலாமா?” என்றாள். “தெக்குப் பக்கத்த அவங்களுக்கு வழியாக் குடுத்திருங்க. இனி இத நான் பாக்க ஏலா.”

இனி அவள் அதைப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டாள்.

தெற்குப் பக்கம் ஜவுபர் தன் கைக்காசில் மச்சானிடம் வாங்கிச் சேர்த்த துண்டு. ஆகவே கொடுக்க அவருக்கு உரித்து இருந்தது. கொடுக்கவேண்டும் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. எப்போது என்பது ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை எழும்பி, றபீக்காவைக் கூட்டிக்கொண்டு, காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனார். நான்கடி அகலம், அறுபத்தெட்டடி நீளம். அளந்தபோது சரியாக ஒரு பேர்ச் வந்தது. நன்கொடை உறுதிப் பத்திரத்தில், என்ன பெறுமதிக்காகக் கொடுக்கப்படுகிறது என்ற இடத்தில், நொத்தாரிசு எல்லா நன்கொடை உறுதியிலும் எழுதும் வாசகத்தை எழுதினார்: அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு. ஜவுபர் வழக்கப்படி அதை றபீக்காவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைவிரலை மையில் ஒற்றினாள்.

அடுத்த வாரம் மதிலில் நான்கடி உடைத்தார்கள். இஸ்மாலெவ்வை யாரோ கொடுத்த சக்கர நாற்காலியில் வீதிக்கு வந்தார். ஜவுபர் இதை யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

மே மாதத்து முதல் வெள்ளி மன்றம் கூடியது. கல்முனை பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே மன்றத்தின் மண்டபம். குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதப்பட்டது. வரவேற்புரை நடந்தது. வரவேற்புரைக்கு நன்றியுரை நடந்தது. பிறகு கனகரெத்தினம் எழுந்து, யாப்பின் ஏழாவது பிரிவை மன்றத்துக்கு ஞாபகப்படுத்தினார். வட்டாரத்தின் விலை அந்த வருடம் பதியப்பட்ட உறுதிகளின் சராசரியாக இருக்கவேண்டும். மூன்று வருடமாக ஓர் உறுதியும் பதியப்படாததால் மன்றம் தன் விவேகப்படி விலையை ஏற்றிவந்தது. இவ்வருடம் ஒரேயோர் உறுதி பதிவாகியிருக்கிறது. காணி ஒரு பேர்ச். பெறுமதி அன்பும் பிரியமும். ரூபா என்ற நிரலில் எதுவும் இல்லை.

“ஆகவே சராசரி?” என்று சியாம் ஹாஜியார் கேட்டார்.

“பூச்சியம்,” என்றார் கனகரெத்தினம். அவர் அரசாங்கத்தில் வேலை செய்தவர். கணக்கை மாற்றிச் சொல்ல அவருக்கு வராது.

ஏணிக்காரர் வாசலில் நின்று, அப்ப பலகையில என்ன எழுதுற என்று கேட்டார். ஒன்றும் எழுதாதே என்றார்கள். அவர் சொன்னபடி பழைய இலக்கத்தைத் துடைத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் வந்துவிட்டார்.

பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகை வருவதற்குள் வட்டாரம் முழுவதும் ஏழையாகிவிட்டது. அதே வீடு, அதே கிணறு, அதே தென்னை. ஆனால் நேற்று இரண்டு கோடிக்காரராக இருந்தவர்கள் இன்று கடைத்தெருவில் குனிந்து நடந்தார்கள். கடன் கேட்காதவர்களுக்கும் கடைக்காரர் கடன் இல்லை என்றார். ஜெமீலா என்ற கிழவி, மூன்று தலைமுறையாக வாடகை வீட்டில் இருப்பவள், வெள்ளிக்கிழமை என்பதால் வந்திருந்த அப்ராஸிடம் போய், விலை ஒன்றும் இல்லையாம் என்று கேள்விப்பட்டேன், கீழ்த்தட்டை மட்டும் எனக்குத் தருவீர்களா, மேல்தட்டு எனக்கு முழங்காலுக்கு ஏலாது என்று மரியாதையாகக் கேட்டாள். அப்ராஸ் மதகுக் கட்டில் அமர்ந்து அழுதார். அவருக்காக ஜவுபர் ஒரு கோப்பை பிளேன்ரீ கொண்டுபோய்க் கொடுத்தார். தன்னால்தான் அவர் அழுகிறார் என்பது ஜவுபருக்கு இன்னும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. விசேட பொதுக்கூட்டத்துக்கு அவரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சியாம் ஹாஜியார் பேசினார். நல்ல குரல், நல்ல வெள்ளைச் சட்டை, பேசும்போது உண்மையாகவே கண் கலங்கும் மனிதர்.

“கண்ணியமிக்க சகோதரர்களே, நமது மூத்தோர் வீடுகளைக் கட்டினார்கள். ஆனால் அறியாமையால் அவற்றுக்குள் வாழ்ந்துவிட்டார்கள். பிள்ளை பெற்றார்கள், நோயாளியைப் படுக்கவைத்தார்கள், விருந்தாளிக்குப் பாய் விரித்தார்கள். இதனால் சொத்துக்கு எவ்வளவு சேதம் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நாம் அப்படி அல்ல. நாம் முதலீட்டாளர்கள். வீடு என்பது வங்கி. வங்கிக்குள் எவராவது படுத்துறங்குவாரா? இன்று ஒரு சகோதரர், நல்லெண்ணத்தோடுதான், அண்டை வீட்டாருக்கு ஒரு வழி கொடுத்துவிட்டார். நான் கேட்கிறேன், ஒவ்வொருவரும் இப்படி அண்டை வீட்டாரை நினைக்கத் தொடங்கினால் இந்த ஊரின் எதிர்காலம் என்னாவது?”

கைதட்டல் நீண்டது. ஜவுபரும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதையாக இல்லை.

முதலில் மன்றம் நியாயமான வழியையே தேடியது. அன்பும் பிரியமும் என்று உறுதியில் இருப்பதால், அந்த அன்புக்கு ஒரு விலை போட்டுவிட்டால் பூச்சியம் நீங்கிவிடும். அன்பு மதிப்பீட்டு உபகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. கனகரெத்தினம் படிவத்தோடு மறுபடியும் வந்தார். பின்வீட்டோடு எத்தனை வருடப் பழக்கம், மதிலுக்கு மேலால் வருடத்துக்கு எத்தனை கறிக் கோப்பைகள் போயின, எத்தனை திரும்பி வந்தன, வரும்போது வெறுங்கோப்பையா, அதில் ஏதும் இருந்ததா என்று கேட்டார். ஜவுபருக்குத் தெரியவில்லை. அதெல்லாம் பஹ்மிதாவின் வேலை. ஆனால் கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்ததாக ஞாபகம் இல்லை என்றார்.

உபகுழு மூன்று நாள் கூடியது. முடிவில், அன்புக்கு விலை போடுவது ஆபத்தானது என்று அறிக்கை கொடுத்தது. ஒருவருக்குப் போட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். உம்மாமார் கேட்பார்கள். ஊரில் அதற்குக் காசு கிடையாது.

ஆகவே சத்தியக் கடதாசி ஒன்று தயாரிக்கப்பட்டது. ஜவுபர் அதில் கையெழுத்திட்டால் போதும். சியாம் ஹாஜியார் சமாதான நீதவானும் என்பதால் அவரே உறுதிப்படுத்துவார். கையெழுத்தான கடதாசியைக் கொண்டு, நன்கொடை உறுதியை இரத்துச் செய்ய வழக்கறிஞர் ஆவன செய்வார். அதுவரை வழியைத் தகரத்தால் அடைத்துவைக்கலாம்.

ஹாஜியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார்.

“மச்சான், ஒங்கட மகள் எண்டா எனக்கும் மகள்தான். எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பூச்சிய விலை வீட்டுக்கு என்ர மகன் மாப்புள்ளயாப் போனா, மன்றத்துத் தலைவர் எண்டு நான் எந்த மூஞ்சோட மேடையில ஏறுற? செல்லுங்க பாப்பம்.”

ஜவுபர் யோசித்தார். ஓம் என்றார். ஒக்டோபரிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்லிவந்தார். அந்தச் சொல்லுக்கு இப்போது ஒரு நோயாளியின் வழி போகிறது என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன காலில் முள் ஏறினால் எப்படியோ அப்படி.

கையெழுத்திடும் நாள் வியாழக்கிழமை. அவர் போனார். மேசையில் கடதாசியும் பேனையும் இருந்தன, பக்கத்தில் பிளேன்ரீயும் மஸ்கட் இனிப்பும் வைத்திருந்தார்கள். குடியுங்கள் என்றார்கள். நோன்பு என்றார்.

மேசையைச் சுற்றி ஒரு சங்கடம் வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நோன்போட ஒரு ஆள...” என்று சியாம் ஹாஜியார் தொடங்கி நிறுத்தினார்.

நோன்பாளி ஒருவரைச் சத்தியக் கடதாசியில் கையெழுத்திட வைப்பது தகாது என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. கடதாசியில் இருப்பது உண்மையென்றால் நோன்போடு ஏன் தகாது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டம் நீண்டிருக்கும். எல்லாரும் மஃரிபுக்கு முன் வீடு போகவேண்டும்.

நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ஜவுபர் மறுநாளும் நோன்போடு வந்தார். திட்டம் ஏதும் இல்லை. விடியுமுன் ஸஹர் உணவுக்கு விழித்தபோது, கையெழுத்திடுவதைவிடச் சாப்பிடாமல் இருப்பது இலேசாகத் தோன்றியது. அவ்வளவுதான். திங்கட்கிழமைக்குத் தள்ளினார்கள், திங்கள் அவருடைய வழமையான நாள். அதற்குள் துல்ஹஜ் மாதப் பிறை கண்டுவிட்டது. முதல் ஒன்பது நாளும் நோன்பு பிடிப்பது பெரும் நன்மை என்று பள்ளியில் மௌலவி பயான் செய்தார். முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்ட மன்றத்தார் முகம் வாடினார்கள்.

“வாப்பா, ரமழான் முடிஞ்சி ரெண்டு மாசமாகுது,” என்றாள் றுக்ஸானா. “ஊர்ல எல்லாரும் விட்டுட்டாங்க. நீங்க மட்டும் பிடிச்சிக்கிட்டே இரிக்கிங்க.”

நோன்பின் காரணம் அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது. கலியாணம் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்தார். அவளே சொன்னாள்.

“உம்மா செல்லிக் குடுத்த வழி வாப்பா அது. அத மூடிப்போட்டு அந்த வீட்டுல நான் என்னண்டு மாப்புள்ளக்கிச் சோறு போடுற?”

ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரம், றபீக்கா அந்த நான்கடி வழியால் ஒரு கோப்பைக் கஞ்சியோடு வந்தாள். அவர் குடித்தார். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை.

மன்றத்தில் ஆலோசனை நடந்தது. நோன்பு பிடிக்கவே முடியாத ஒரு நாளைக் கண்டுபிடிக்கவேண்டும். சட்ட ஆலோசகர் நெற்றியைத் தடவி, பெருநாளன்று நோன்பு பிடிப்பது மார்க்கத்தில் தடை என்று சுட்டிக்காட்டினார். மார்க்கம் மன்றத்தின் பக்கம் இருப்பதையிட்டு எல்லாரும் நிம்மதியடைந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள், நண்பகல் ளுஹருக்குப் பிறகு, ஜவுபரின் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பெருநாள் வந்தது. காலையில் தொழுகை முடிந்து, தக்பீர் சத்தம் ஓய்ந்து, குர்பான் இறைச்சிப் பைகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோது, மன்றத்தார் ஏழு பேரும் புதுச் சட்டையோடு, அத்தர் மணக்க வந்தார்கள். கனகரெத்தினம் பெருநாள் வாழ்த்துச் சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். விருந்தறையில் எல்லாரும் அமர்ந்ததும் சியாம் ஹாஜியார் கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார்.

அப்போது தெற்குப் பக்கமாகச் சக்கரச் சத்தம் கேட்டது. றபீக்கா ஒரு கையில் வட்டிலப்பத் தட்டும், மறு கையில் நாற்காலியின் பிடியுமாக வந்தாள். நாற்காலியில் இஸ்மாலெவ்வை, சாரமும் தொப்பியும் அணிந்து, மெலிந்த முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தார். மூன்று வருடங்களில் பெருநாளைக்கு அவர் வேறொருவர் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. ஸலாம் சொன்னார். ஏழு பேரும் பதில் ஸலாம் சொல்லவேண்டியதாயிற்று. றபீக்கா வட்டிலப்பத்தைப் பீங்கானில் பரிமாறினாள். பெருநாளைக்குத் தருவதை வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் ஹாஜியார் பேனையின் மூடியைக் கழற்றி ஜவுபரிடம் நீட்டினார். ஜவுபர் வாங்கினார். கடதாசியைப் பார்த்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாக நின்றது.

“ஹாஜியார், இதுல றபீக்கா தங்கச்சிர பேர் இரிக்கி,” என்றார். “பேருக்குரிய ஆளுக்கு வாசிச்சிக் காட்டாம நான் ஒரு கடதாசியிலயும் கையெழுத்து வாங்கினதும் இல்ல, வச்சதும் இல்ல. அவகளும் இங்கதான் இரிக்காக. நீங்களே ஒருக்கா சத்தமா வாசிங்க. வச்சிர்றன்.”

அதில் தந்திரம் எதுவும் இருக்கவில்லை. வைக்கவும் அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார்.

மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுகிற ஹாஜியாருக்கு இது பெரிய காரியமல்ல. கடதாசியைத் தூக்கிப் பிடித்தார்.

“நான், அல்லாஹ்வை முன்னிறுத்திச் சத்தியம் செய்து கூறுவதாவது. மேற்படி வழியை, மேற்படி றபீக்காவுக்கு, நான் அன்பினாலோ பிரியத்தினாலோ...”

நிறுத்தினார். உதட்டோரத்தில் வட்டிலப்பத்தின் சர்க்கரை ஒட்டியிருந்தது. எதிரே றபீக்கா, அவருடைய பீங்கானில் இன்னொரு துண்டு வைப்பதற்காகக் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“செல்லுங்க ஹாஜியார்,” என்றார் இஸ்மாலெவ்வை. “பெருநாளும் அதுவுமா நல்ல விசயம் கேப்பம் எண்டுதானே இந்தச் சில்லுல ஏறி வந்திரிக்கன்.”

ஹாஜியார் கடதாசியைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்தார். பிறகு கிட்டப் பிடித்தார். கனகரெத்தினத்திடம் நீட்டினார். கனகரெத்தினம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தான் அளப்பதற்கு மட்டும்தான் பொறுப்பு என்றார். சட்ட ஆலோசகரிடம் நீட்டினார். அவர் கை கழுவப் போயிருந்தார்.

“எழுத்து சின்னனா அடிச்சிப்போட்டானுகள்,” என்றார் ஹாஜியார் கடைசியில். “கண்ணாடியும் கொண்டு வரல்ல.”

கண்ணாடி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். எவரும் சொல்லவில்லை. அந்த மன்றம் தன் வரலாற்றில் செய்த முதலாவது தருமம் அதுவாக இருக்கலாம்.

அவர் கடதாசியை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார், தீப்பெட்டி அளவுக்கு வந்ததும் பைக்குள் போட்டுக்கொண்டார். றபீக்கா வெறும் பீங்கான்களை அடுக்கி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டதால் நாற்காலியைப் பிடிக்கக் கை இருக்கவில்லை. எழுந்து நின்றிருந்த சியாம் ஹாஜியார், தன் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர், நாற்காலியின் பிடியைப் பற்றினார். வழி நான்கடிதான். ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். பெருநாளைக்குப் பின்வீட்டுக்கும் ஸலாம் சொல்லாமல் போவது முறையில்லை என்பதால் மற்றவர்களும் பின்னால் போனார்கள். கனகரெத்தினம் கடைசியில் நடந்தார். பழக்க தோஷத்தில் அடிகளை எண்ணிக்கொண்டு போனவர், நாற்பதிலோ என்னவோ, இஸ்மாலெவ்வை சொன்ன எதற்கோ சிரித்து எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

ஜவுபர் விருந்தறையில் தனியாக இருந்தார். மேசையில் ஒரு துண்டு வட்டிலப்பம் மீந்திருந்தது. எடுத்து வாயில் வைத்தார். ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. பஹ்மிதா என்றால் இவ்வளவு போடமாட்டாள். அந்த எண்ணம் வந்த பிறகுதான், தனக்கு ஏலக்காய் தெரிந்தது என்பது அவருக்கு உறைத்தது. துண்டை மெதுவாகத் தின்று முடித்தார்.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் சான்றிதழுக்காக அடித்த ஆணியில் யாரோ பூமாலையைத் தொங்கவிட்டார்கள். றிப்தி வந்த மூன்றாம் நாளே குசினியில் மீன் பொரித்த மணம் வீதிவரை வந்தது.

மன்றத்தைக் குறைசொல்லக் கூடாது. அதுவும் தன் கடமையை விடவில்லை. அடுத்த முதல் வெள்ளி கூடி, கிராஅத் ஓதி, நீண்ட நேரம் ஆலோசித்து, ஒரு தீர்மானம் எடுத்தது. அஸருக்குப் பின் ஏணிக்காரர் வந்து பலகையில் எழுதினார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். ஜவுபர் இஸ்மாலெவ்வையோடு முச்சந்தியில் ஆட்டோவுக்காக நின்றார். இஸ்மாலெவ்வைக்கு இப்போது கண் மங்கல். பலகையில் என்ன போட்டிருக்கிறது காக்கா என்று, ஜவுபரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார். ஜவுபர் வாசித்துக் காட்டினார்.

“பேர்ச் ஒன்று இருபத்திரண்டரை இலட்சம். ஒரு பேர்ச் நீங்கலாக.”

“அந்த ஒரு பேர்ச் யார்ர?”

“ஒங்கடதான்.”

இஸ்மாலெவ்வை பலகைப் பக்கம் கழுத்தை நீட்டினார்.

“அப்ப ஊர் முழுக்க ஏறியிரிக்கி, எனக்கு மட்டும் ஏறல்ல. எனக்கு நட்டமா காக்கா?”

ஜவுபரும் பலகையைப் பார்த்தார். ஆட்டோ வந்து நின்றது.

“தெரியா,” என்றார். “நேரமாகுது. ஏறுங்க, நான் பிடிக்கன்.”